நூறு பேருக்குப் பூ சர்பத்: எந்தப் பூ?

வைகாசிக் கடைசியில் பேத்திக்குக் காதுகுத்து. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியிலேயே பந்தல், நூறு பேருக்குச் சாப்பாடு. சமையல் மாஸ்டர் பட்டியல் எழுதிக்கொண்டே, "வந்தவங்க கையில கொடுக்கக் கலர் வாங்கிடலாமா சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "கலர் எதுக்கு தம்பி? பூவுல சர்பத் போட்டுக் கொடுத்தா என்ன?"

அத்தை புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமாவோடு பிரான்சுக்குப் போய் நாற்பது வருடம் ஆகிறது. விசேஷத்துக்காகப் பங்குனியிலேயே வந்து இறங்கிவிட்டார். பெட்டியில் ஒரு பாட்டில் சர்பத்தும், காகிதப் பையில் காய்ந்த பூ கொஞ்சமும் இருந்தன. பிரெஞ்சில் சுரோ, இங்கிலீஷில் எல்டர்ஃபிளவர். அதையே காதுகுத்துக்குக் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. நம் ஊர்ப் பூவில் ஒன்றைப் பிடிப்போம் என்பது என் கட்சி. ஒன்றரை மாதம் அடுப்படியில் பரிசோதனை நடந்தது. சில பூக்கள் முதல் நாளே தோற்றன, ஒன்று அலமாரியையே நாசமாக்கியது. எது எதற்கு ஆகும், எது ஆகாது என்று எழுதி வைத்தால் வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் சுரோ. ஐரோப்பாவில் வேலியோரம், ரயில் பாதையோரம் தானாக வளரும் குறுமரம். மே கடைசியிலிருந்து ஜூன் வரை, தட்டு அகலத்துக்கு வெண்மஞ்சள் பூங்கொத்து விடும். கொத்துக்குள் கடுகுபோலப் பொடிப்பொடியாகப் பூக்கள். நல்ல வெயில் காயும் நாளில் காலைப் பனி உலர்ந்த பிறகு பறிக்க வேண்டும். மழைக்கு மறுநாள் பறித்தால் வாசனை பாதிதான். பறித்ததைக் கழுவவே கூடாது என்று அத்தை மூன்று முறை சொன்னார். வாசனையில் பெரும்பங்கு மகரந்தத்தில் இருக்கிறது, கழுவினால் அது தண்ணீரோடு போய்விடும். உதறிப் பூச்சியை விரட்டினால் போதும்.

சுமார் 25 கொத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒன்றரைக் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சை, கொஞ்சம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). சர்க்கரைப் பாகு ஆறிய பிறகு பூவைப் போட்டு ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுவார்களாம். பூ அடுப்பில் ஏறுவதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தச் செடிக்கு இன்னொரு முகமும் உண்டு. இலை, காம்பு, பச்சைக் காய் எல்லாவற்றிலும் வயிற்றுக்குள் போனால் சயனைடு விடும் பொருள் இருக்கிறது. அதனால் தடித்த காம்பை நறுக்கி எறிந்துவிட்டுப் பூவை மட்டும் எடுக்கிறார்கள். பழத்தையும் வேகவைக்காமல் தின்றால் வாந்திதான். பூவின் மேல் இயல்பாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டை வைத்து அதே சர்பத்தைப் பொங்கவிட்டு, நுரைக்கும் பானமும் செய்வார்களாம். ருமேனியாவில் அதற்கு சொகாட்டா என்று பெயர், கோடையில் வீட்டுக்கு வீடு போடுவதாம்.

இதெல்லாம் கேட்கச் சுவையாகத்தான் இருந்தது. பாட்டிலைத் திறந்து குளிர்ந்த தண்ணீரில் கலந்து எல்லோருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். எனக்குப் பிடித்தது. பன்னீர் திராட்சையும் தேனும் சேர்ந்த மாதிரி, கடைசியில் லேசாகப் பச்சிலை வாசனை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா யார் வீட்டு விசேஷத்துலயோ குடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பக்கத்து வீட்டுப் பையன், "தாத்தா, இதுல சோப்பு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். காய்ந்த பூவில் போட்டது இன்னும் மோசம். வாசனை அடங்கி, வைக்கோல் ஊறிய தண்ணீர் போல இருந்தது. குளிர் நாட்டுச் செடி, இங்கே நட்டு வளர்க்கவும் வழியில்லை. நூறு பேருக்கு வேண்டுமென்றால் அங்கிருந்து பாட்டில் பாட்டிலாகத் தருவிக்க வேண்டும். பூவைப் பறித்து வீட்டில் போடுவது என்ற பேச்சே அப்புறம் ஏது? அத்தையே ஒத்துக்கொண்டார்.

சரி, நம் பக்கம் வருவோம். எல்லோரும் முதலில் சொல்வது ஆவாரம்பூ. கேப்பர் மலைச் செம்மண்ணில் முந்திரித் தோப்புகளின் ஓரமெல்லாம் அது பூத்துக் கிடக்கும். காசில்லை, வேண்டிய அளவு கிடைக்கும், நிறம் தங்கம் மாதிரி. குறை சுவையில்தான். ஆவாரைப் பட்டையை ஒரு காலத்தில் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள் என்றால் அதன் துவர்ப்பை ஊகித்துக்கொள்ளலாம். பூவில் அவ்வளவு இல்லை, ஆனால் இருக்கிறது. வாசனையோ கிட்டத்தட்ட இல்லை. சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுச் சூடாகக் குடித்தால் அருமை, ஐஸ் போட்டு சர்பத்தாக நீட்டினால் கஷாயத்தை ஆறவைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே அதில் கால் கிலோ சர்க்கரையைக் கொட்டுவதும் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஆவாரம்பூவைத் தினமும் குடிக்க ஆரம்பிக்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இதைவிடப் பெரிய விஷயம், மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை இல்லை. சரக்கொன்றையைத் தெரியும், மரம், சரம் சரமாகத் தொங்கும். வயிற்றைக் கலக்கிவிடும். குழப்பம் வருவது பொன்னாவரையில். அதுவும் குத்துச்செடி, அதுவும் மஞ்சள் பூ, குப்பைமேட்டில் தானாக முளைக்கும். வடஇந்தியாவில் அதன் விதையைத் தின்று குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஆவாரைக்கு இலைக்காம்பு தொடங்கும் இடத்தில் காது மடல் போல வட்டமான பச்சைச் செதில் ஒன்று இருக்கும், இலைகள் சின்னச் சின்னதாகப் பல ஜோடி, நெற்று காகிதம்போலத் தட்டை. பொன்னாவரைக்கு நாலைந்து ஜோடி இலைதான், நுனி கூர்மை, கசக்கினால் நாற்றம் அடிக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகாதவர்கள் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வதே மேல்.

அலமாரியை நாசமாக்கியதும் ஆவாரம்பூதான். முழுக்க என் தப்பு. இனிப்பு தூக்கலாக இருக்கிறது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் போட்டு, பாட்டிலை இறுக மூடி, குளிர்பெட்டியில் இடமில்லையென்று அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டமால் என்று சத்தம். காலையில் மிளகாய்த்தூள் டப்பா வரைக்கும் பிசுக்கு, எறும்பு ஊர்வலம். "என்னங்க, இனிமே பரிசோதனையெல்லாம் தோட்டத்துல வச்சுக்குங்க" என்று சொன்னதோடு மனைவி விட்டது பெரிய மனதுதான். பாகில் எடைக்கு நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருந்தால்தான் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் நம் வெயிலில் இரண்டு நாளில் பொங்கிவிடும். ஐரோப்பாவில் ஜூன் மாதம் வெளியே வைக்கிற வேலையெல்லாம் கத்திரி வெயிலில் ஆகாது. வேண்டுமென்றே பொங்கவிட்டு நுரைப் பானம் செய்யும் ஆசை இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. காதுகுத்து வீட்டில் அந்த வம்பு எதற்கு?

செம்பருத்தி கொஞ்ச நாள் முன்னணியில் இருந்தது. ஐந்திதழ் நாட்டுச் சிவப்புதான் வேண்டும், அடுக்குச் செம்பருத்தி அவ்வளவு நிறம் இறங்காது. இதழைக் கொதிநீரில் போட்டால் முதலில் அழுக்கு ஊதாவாகத் தெரிந்து பயமுறுத்தும். எலுமிச்சை விழுந்ததும் பளிச்சென்று சிவக்கும். ஆனால் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடந்தாலும் வழவழப்பு இறங்கிவிடுகிறது, தொண்டையில் வெண்டைக்காய் போல வழுக்குகிறது. புளிப்பும் கிடையாது. வெளிநாட்டில் செம்பருத்தி டீ என்று விற்பது புளிச்சக்கீரை இனத்தின் சிவந்த புல்லிவட்டம். அதைக் குடித்துப் பழகியவர்கள் நம் வேலிச் செம்பருத்தியில் அதே புளிப்பைத் தேடி ஏமாந்து போவார்கள். கர்ப்பிணிகள் செம்பருத்தியைத் தவிர்ப்பது வழக்கம். எங்கள் பட்டியலில் இரண்டு மசக்கைக்காரிகள் இருக்கிறார்கள். ஆளாளுக்கு விசாரித்துக் கொடுக்க வேண்டிய பானம் வரவேற்புக்கு ஆகாது என்று எடுத்துவிட்டோம்.

இலுப்பைப்பூ போடலாம் என்று ஒரு மாமா போனில் யோசனை சொன்னார். ஆலை இல்லாத ஊருக்குத்தானே அது சர்க்கரை? நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆலை ஓடும்போது நமக்கு எதற்கு என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தேன். பன்னீர் ரோஜாவுக்கும் நேரம் செலவழிக்கவில்லை. மார்க்கெட் ரோஜா மாலைக்காக மருந்தடித்து வளர்ப்பது, அதை வாயில் வைக்க எனக்குத் துணிவில்லை. தாழம்பூ தேவனாம்பட்டினம் பக்கம் கிடைத்தாலும் முள்ளோடு மல்லுக்கட்ட ஆளில்லை. சிவனுக்கு ஆகாத பூவைப் பாடலீஸ்வரர் ஊரில் விசேஷத்துக்கு வைப்பானேன் என்று அம்மாவும் தடை போட்டுவிட்டார்.

வேப்பம்பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுரோவுக்கு உறவு என்று எனக்குத் தோன்றுவது அதுதான். பொடிப்பொடியான வெள்ளைப் பூ, மரத்தடியில் வேட்டியை விரித்து வைத்தால் காலையில் தானாக நிறைந்திருக்கும், ராத்திரியில் தேன் வாசனை. அத்தை சொன்ன முறையிலேயே கழுவாமல், கொதிக்கவிடாமல், ஆறிய பாகில் ஊறவைத்துப் பார்த்தேன். வாசனை அபாரம். கசப்பும் அபாரம். மாங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்தால் சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடியைக் குடிக்கிற மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கும், அம்மாவுக்கு உயிர். குழந்தைகளும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் வருகிற இடத்தில் முதல் வாயிலேயே கசப்பைக் கொடுத்தால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஒரு சின்னப் பாட்டில் மட்டும் எங்களுக்காக வைத்திருக்கிறேன்.

நன்னாரியைச் சொல்லாமல் இருக்க முடியாது, பூ இல்லையென்றாலும். நூறு பேருக்கு எந்தத் தலைவலியும் இல்லாத பானம் எது என்று கேட்டால் நன்னாரிதான். வேரைத் தட்டி ராத்திரி ஊறவைத்து, பாகு காய்ச்சி, எலுமிச்சை பிழிந்தால் தீர்ந்தது. பிடிக்காது என்று சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் வேரைத் தோண்டினால் கொடி செத்தது. காட்டில் போய்ப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, கடையில் வாங்கலாம். எல்லாம் சொதப்பினால் கைகொடுக்க ஒரு பாட்டில் தயாராக இருக்கிறது.

கடைசியில் மிஞ்சியது சங்குப்பூ. சிலர் காக்கட்டான் என்பார்கள். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வேலியில் படர்ந்திருக்கிறது. நீலம் இதழுக்குள்ளேயே இருப்பதால் தைரியமாகக் கழுவலாம். வேப்பம்பூவுக்கு இல்லாத வசதி இது. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் இங்க் மாதிரி நீலம். எலுமிச்சை இரண்டு சொட்டு விழுந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்புக்கு நகரும். புளிப்பு ஏற ஏற நிறமி மாறுகிற சாதாரண ரசாயனம்தான், ஆனால் சோப்பு என்று சொன்ன அதே பையன் நாலு டம்ளர் குடித்தான். நீலத்தையும் எலுமிச்சைத் தண்ணீரையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, டம்ளரைக் கையில் கொடுக்கும்போது ஊற்றினால் அதுவே ஒரு வேடிக்கை. தாய்லாந்தில் ஹோட்டலுக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு இதைத்தான் நீட்டுகிறார்கள்.

அதற்கும் ஒரு குறை. சுவையும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வெறும் எலுமிச்சைச் சாறு. நன்னாரியோடு சேர்த்தால் வாசனை வரும் என்று கலந்து பார்த்தேன். நீலமும் பழுப்பும் சேர்ந்து சாக்கடை நிறம் வந்தது.

இங்கேதான் அம்மா பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "பானைத் தண்ணியில பாதிரிப்பூ போட்டு வைப்பாங்கன்னு எங்க பாட்டி சொல்லும்." உடனே எனக்கு நாலடியார் ஞாபகம் வந்தது. கல்லாதவரும் கற்றவரோடு சேர்ந்தால் நல்லறிவு பெறுவார்கள் என்பதற்கு அதில் காட்டும் உவமையே இதுதான். பாதிரிப்பூவைச் சேர்ந்த புதுப்பானை, தன்னிடமுள்ள தண்ணீருக்கும் அந்த மணத்தைக் கொடுப்பது போல. கடலூருக்குள்ளேயே திருப்பாதிரிப்புலியூர் என்று பூவின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டு, பூ மணக்கும் தண்ணீருக்குப் பிரான்ஸ் வரைக்கும் போயிருக்கிறோம். பூவைக் கொதிக்கவிடாமல் குளிர்ந்த நீருக்கு மணத்தை மட்டும் கொடுக்கச் செய்வது சுரோ சர்பத்தின் சூட்சுமம் என்றால், நம் பானையும் அதைத்தான் செய்திருக்கிறது.

பாதிரி வேனிலில் பூக்கிற மரம்தான், பருவமும் சரியாக இருந்தது. ஆனால் கோயில் தலமரத்தில் கை வைப்பதற்கில்லை, வேறு இடங்களில் மரமே அரிதாகிவிட்டது. உதிர்ந்த பூ ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. அதற்குப் பதிலாக மாடித்தொட்டி மல்லியைப் பிடித்தேன். மருந்து காட்டாத செடி, வெயிலில்தான் அதற்குக் கொண்டாட்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு முதிர்ந்த மொட்டாகப் பறித்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நிறைந்த புதுப்பானையில் மிதக்கவிட்டு, மூடிவைத்தேன். ராத்திரி பானைக்குள்ளேயே மலர்ந்து வாசனையைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. விடியும்போது பூவை எடுத்துவிட வேண்டும். எட்டு மணி வரை தூங்கிவிட்டால் வாடிய மல்லியின் கெட்ட நெடி ஏறிவிடும், ஒருமுறை பட்டேன். மாலைக்கென்று கடையில் விற்கும் மல்லி இதற்கு ஆகாது.

மல்லித் தண்ணீர், சங்குப்பூ நீலம், எலுமிச்சை, சர்க்கரைப் பாகு. குடித்துப் பார்த்த ஒன்பது பேரில் ஏழு பேர் இதற்குக் கை தூக்கினார்கள். அம்மா வேப்பம்பூவை விட்டு இறங்கவில்லை, சமையல் மாஸ்டர் கலரை விட்டு இறங்கவில்லை.

கணக்கு இதுதான். ஆளுக்கு 200 மில்லி என்று 20 லிட்டர். 3 கிலோ சர்க்கரையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் பாகு வரும், முதல் நாளே போட்டு வைக்கலாம். எலுமிச்சை 50. பத்து லிட்டர் பிடிக்கும் புதுப்பானை இரண்டு, மண் வாடை போக மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். டம்ளருக்கு ஐந்து சங்குப்பூ என்று 500 பூ. ஒரே நாளில் கிடைக்காது, பங்குனியிலிருந்து தினம் பத்துப் பன்னிரண்டாகப் பறித்து, பச்சைப் புல்லியைக் கிள்ளிவிட்டு நிழலில் உலர்த்தி டப்பாவில் சேர்த்து வருகிறேன். தெரு வேலி என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் பறிக்கிறேன். பைபாஸ் ஓரத்திலும் தொழிற்பேட்டைப் பக்கத்திலும் எவ்வளவு பூத்திருந்தாலும் தொடுவதில்லை. அரளி, ஊமத்தை, எருக்கு இருக்கும் வேலியில் குழந்தைகளைப் பறிக்க விடுவதும் இல்லை.

சர்க்கரை வேண்டாதவர்களுக்குப் பாகு சேர்க்காமல், எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு அதே மல்லித் தண்ணீரைத் தனி ஜக்கில் வைக்கப் போகிறேன். இன்னும் தீராத சிக்கல் ஒன்றே ஒன்று. காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லோரும் தலைக்கு வைக்க அதே தொட்டி மல்லியைத்தான் தேடுவார்கள். அத்தை இப்போதே இரண்டு முழத்துக்குச் சொல்லி வைத்துவிட்டார்.